அஷ்டமியில் கிளம்பினோம்

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆனபோது, முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஆளில்லாத கடற்கரையில் இரண்டு நாள் நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. திருவான்மியூர் வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். என் கணவர் மட்டும், "எப்போ போலாம்?" என்றார். அந்தக் கேள்விக்கே நான் அவருக்குக் கடமைப்பட்டவள்.

திட்டம் போட்டது நான்தான். தெற்கே சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. அங்கே கூடாரம் போட வனத்துறையில் அனுமதி கேட்டேன். ஆமை முட்டையிடும் மாதங்களை விட்டுவிட்டேன். குப்பையைத் திருப்பிக் கொண்டுவரத் தனிப் பை. நாள், பௌர்ணமி. நிலாச்சோறு சாப்பிடாமல் கடற்கரைக்கு எதற்குப் போவது?

அதற்கு முந்தைய பௌர்ணமியன்று என் கணவர், "ஒருவாட்டி இங்கியே ஒக்காந்து பாத்துடலாம்" என்று எங்கள் கடற்கரைக்கே அழைத்துப்போனார். ஈரமணலிலிருந்து நன்றாகத் தள்ளிப் பாய் விரித்து, புளிசாதத்தைப் பிரித்தோம். பாதிச் சாப்பாட்டில் அலை வந்து பாயை நனைத்தது. அவர் துள்ளி எழுந்துவிட்டார். நான் ஒருக்களித்து, கையை ஊன்றி எழுவதற்குள் அடுத்த அலை என்னை இடுப்புவரை நனைத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"பௌர்ணமிக்குத் தண்ணி மேல ஏறும். இங்க பின்னால ரோடு கீது. அங்க பின்னாலயும் தண்ணிதான். நான் ஓடிடுவேன், நீ இன்னா பண்ணுவ?"

பயணமே போச்சு என்று நினைத்தேன். "அப்போ வாணாமா?"

"நாள மாத்து. திட்டு வாணாம், தோப்பு மேட்டுல படுத்துக்கலாம்."

கடல் மட்டம் அதிகம் ஏறாமல் இருப்பது அரைநிலா நாட்களில். காலண்டரைப் பார்த்தால் அஷ்டமி, நவமி. அஷ்டமியன்று புதுச்செருப்புகூடப் போடாத மனிதர் இவர். எங்கள் கல்யாணப் பேச்சையே நவமி என்று தள்ளிவைத்த குடும்பம். கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அஷ்டமியைச் சுற்றி வட்டம் போட்டார்.

எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லாமல் இப்படிப்பட்ட இடத்துக்குப் போகக் கூடாது. அதனால் அஷ்டமியில் கிளம்புவதை மாமியாரிடம் மறைக்க வழியில்லை. அவர் சாமி விளக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். கிளம்புகிற காலையில் என் கணவர் அவரிடம் பேசியதை வாசலில் நின்று கேட்டேன்.

"நாள் கெட்டதா இருந்தா நான் பட்டுக்கிறேம்மா. தண்ணி வந்தா அவளால ஓட முடியாது."