குவைத்திலிருந்து வந்த சவர்க்காரம்

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருக்கும் தோட்டத்தில்தான் நடந்தது. தோட்டம் என்றதும் செடி கொடியை நினைத்துவிடாதீர்கள். ஒரு முடுக்கு, இரண்டு பக்கமும் நெருக்கியடித்த வீடுகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பைப், அவ்வளவுதான். எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே எனக்கு இருமல் வரும்.

அந்த அக்காவுக்கு ஒரு மகன், ஒரு மகள். இரண்டு பேரையும் தூள் பிடித்துக்கொண்டது, அதுதான் ஹெரோயின். மகன் கூட்டாளிகளோடு பழகினான். மகளுக்குப் பழக்கிவிட்டது அவளைக் கட்டியவன். அந்தப் புண்ணியவான் அப்போதே சிறைக்குப் போய்விட்டான். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

மகனைத் திருத்த ஒரு நிலையத்தில் சேர்த்தார்கள். கூட்டிப்போக நிலையத்து வான் வந்த அன்று தோட்டமே திரண்டு நின்றது. ஒருவர் அவன் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். இன்னொருவர் திருநீறு பூசினார். நானும் என் பங்குக்கு ஒரு பிஸ்கட் பக்கெட்டைக் கையில் திணித்தேன். "பாவம், சேர்க்கைதான் கெடுத்துப்போட்டது" என்றார்கள் எல்லோரும். தங்கச்சிக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி அதே வாய்கள் சொன்னதை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது.

கொஞ்ச நாளில் அவளைக் காணோம். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள் என்றார் அக்கா. எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு ஒருத்தி அப்படிப் போனவள்தான். அதனால் யாரும் தோண்டித் துருவவில்லை. அங்கே போயாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

நான் வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது குழந்தை வாசலில் உட்கார்ந்திருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காதே, "எங்கடி உன் அம்மா?" என்று சீண்டினேன். "குவைத்ல" என்று சொல்லி வீட்டுக்குள்ளே கையைக் காட்டியது. சிரித்துவிட்டு, கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டேன்.

வெளிநாடு போனவர்கள் தோட்டத்துக்கு ஏதாவது அனுப்பியே ஆக வேண்டும். குளிக்கிற சவர்க்காரமோ சொக்லட்டோ, வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். ஒன்றும் வராவிட்டால் பைப்படியில் கதை கிளம்பும். இவளைப் பற்றியும் கிளம்பியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா வீடு வீடாக வந்து வாசனைச் சவர்க்காரம் கொடுத்தார்.

"மகள் ஒரு ஆள்கிட்ட குடுத்து விட்டிருக்கா" என்றார். அவர் முகம் வேர்த்திருந்தது.

உறையில் அரபு எழுத்து. மோந்து பார்த்தேன், நல்ல வாசம். திருப்பினால், பின்பக்கத்தில் சின்னதாக ஒரு சிங்கள ஸ்டிக்கர். வெளிநாட்டுச் சாமானை இங்கே இறக்கி விற்கிறவர்கள் ஒட்டுவது அது. கடையில் நாள் முழுக்க அதைத்தானே பார்க்கிறேன்! மற்ற வீடுகளுக்குக் கொடுத்ததில் உரித்திருப்பார், என்னுடையதில் மறந்துவிட்டார்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு, பலகைக்கு அந்தப் பக்கம் சில நாட்களாகக் கேட்ட இருமல் ஞாபகம் வந்தது. அக்கா அப்படி இருமுகிறவர் இல்லை. குழந்தை கை காட்டிய பக்கமும் ஞாபகம் வந்தது.

அப்படியே சவர்க்காரத்தோடு அக்கா வீட்டுக்குப் போனேன். "அக்கா, இதில ஸ்டிக்கரை உரிக்க மறந்துட்டீங்க" என்று நீட்டினேன். அவர் வாங்கி, நின்ற இடத்திலேயே அதை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.

"மகள் எங்கக்கா?"

"சத்தம் போடாத தங்கச்சி." சுரண்டுவதை அவர் நிறுத்தவில்லை. "நான் கொண்டு போகாத இடம் இல்ல. மகனைச் சேர்த்த இடத்துல ஆம்பளைகள் மட்டும்தானாம். பொம்பளைகளை எடுக்கிற இடம் எங்கயோ தூரத்துல. கட்டினவன், இல்லாட்டி அப்பன் வந்து பொறுப்பெடுக்கணும்னாங்க. ஒருத்தன் மறியல்ல, ஒருத்தர் மண்ணுக்குள்ள. வெளிய தெரிஞ்சா பிள்ளையை அரசாங்கத்துல பறிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு அவளுக்குப் பயம். நான் என்ன செய்ய, நீயே சொல்லு. பூட்டி வச்சா பழக்கம் நின்டிடும்னு பூட்டினேன். நடுவுல ஒரு நாள் ராத்திரி திறந்து விட்டேன், ஓடிப்போய் தூள் அடிச்சிட்டு விடியிறதுக்குள்ள வந்தா. திரும்பவும் பூட்டினேன். மூணு நாளா வாந்தியும் வயித்தோட்டமும். இன்னைக்கு விடிஞ்சதுல இருந்து சத்தமில்ல. நல்லாயிட்டா போல."

"ஐயோ அக்கா, சாவியைக் கொண்டாங்க!" என்று கத்தினேன்.

உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் எனக்குக் குமட்டியது. பாயில் கிடந்தாள். உதடு வெடித்து, கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டேன், என்னைத் தெரியவில்லை. கன்னத்தில் தட்டினேன், அசைவில்லை.

அக்கா காலைப் பிடிக்க, நான் தோளைப் பிடிக்க, முடுக்கு வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "இவ குவைத்லல்ல இருந்தா?" என்று யாரோ கேட்டார்கள். வாசலுக்கு வாசல் ஆள் நின்றது, ஒரு கை நீளவில்லை. மகனுக்கு ஜெபம் செய்தவரும் அங்கேதான் நின்றார். தெருமுனையில் முன்பின் தெரியாத ஒரு முஸ்லிம் ஆட்டோக்காரர்தான் எங்களைக் கண்டதும் ஏற்றியிருந்த ஆளை இறக்கிவிட்டு, "ஏத்துங்க, ஏத்துங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். உடம்பில் தண்ணீரே இல்லையாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று நர்ஸ் சிங்களத்தில் சொன்னார். அக்காவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் பிழைத்தாள். திருந்திவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் பொய் எழுத மாட்டேன். விடுகிறாள், திரும்ப விழுகிறாள். எனக்கு லீவு கிடைக்கிற நாளில் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். வரிசை முழுக்க ஆண்கள். முக்காட்டை இழுத்துக்கொண்டு கடைசியில் நிற்பாள். பிள்ளையோடு தங்கிச் சுகப்படுகிற மாதிரி ஓர் இடத்தை இன்றுவரை எங்களுக்கு யாரும் காட்டவில்லை. அண்ணன்காரன் திரும்பி வந்தபோது பாற்சோறு போட்டார்கள். ஆறு மாதத்தில் மறுபடி தூளுக்குப் போனான். மறுபடி வான் வந்தது. இந்த முறை நான் பிஸ்கட் கொடுக்கவில்லை, எனக்கு அவ்வளவு கோபம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வந்த அன்று, அக்காவின் வாசல்படியில் சில சவர்க்காரங்கள் கிடந்தன. குவைத் கதை பொய் என்று தெரிந்ததும், வேண்டாம் என்று தோட்டத்தில் சிலர் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அவற்றைத் தாண்டி அவள் மெதுவாக உள்ளே போனாள். குழந்தை ஓடிவந்து தாயைக் கட்டிப்பிடிக்கும் என்று பார்த்தால், அது ஓடியது உள்ளறைக்கு. கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு, "அம்மா, குவைத் போக வேணாம்" என்று அழுதது.

இன்றைக்கும் குவைத் என்று யார் வாயால் கேட்டாலும், எனக்கு அந்தக் கதவும் அதை மறித்து நின்ற அந்தச் சின்னக் கைகளும்தான் முன்னால் வருகின்றன.