சளி டப்பா

என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. டி.பி. என்று தெரிந்ததும் கான்ட்ராக்டர், "முழுசா சரியாயிடுச்சுன்னு ரிப்போர்ட்டோட வா, அப்பதான் கேட்டுக்குள்ள வுடுவேன்" என்று அனுப்பிவிட்டார். ஆறு மாதம் மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறவில்லை, எடுத்துக் கொடுத்தவள் நான். அப்படியும் இருமல் அடங்கவில்லை.

கடைசிப் பரிசோதனைக்கு முதல் நாள், அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த சளி டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். காலையில் எழுந்ததும் அதில் காறித் துப்பி எடுத்துப்போக வேண்டும்.

"இதுல நீ துப்பு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாய்யா பேசற? நோவு உனுக்கு, சளி என்னுதா? மாத்திரையையும் நானே முழுங்கியிருக்கலாமே!"

"வேல இல்லாம இப்டியே குந்திக்கினு இருக்க சொல்றியா?"

முடியவே முடியாது என்றேன். காலையில் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. நர்சம்மா எல்லோர் எதிரிலும் கை தட்டி, "நம்ம சென்டர்ல இன்னொரு சக்சஸ்" என்றார். அன்று நெத்திலி வாங்கிக் குழம்பு வைத்தேன். அவர் மறுபடி வேலைக்குப் போனார். இருமலைப் பற்றிக் கேட்டால் இரும்பு உருக்கும் பர்னஸ் புகை என்பார். நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது.

அடுத்த ஆடியில் எனக்கு வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல், ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்தது. அவரே அழைத்துப்போனார். அதே ஆஸ்பத்திரி, அதே நர்சம்மா. சளியில் கிருமி இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்படாதம்மா. இவருக்குக் கேட்ட மாத்திரை உனக்கும் கேக்கும்."

வரிசையில் அவருடைய கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கேக்காதும்மா," என்றார். "எனுக்கே கேக்கல. அன்னிக்கு டப்பால இருந்தது என் சளி இல்ல. பஸ் ஸ்டாண்டுல தெரிஞ்சவன் ஒருத்தன துப்ப சொல்லி எடுத்துக்கினு வந்தேன்."

கம்பெனி ஆட்களில் ஒருவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். யாருக்குப் பேசப் போகிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அத்தனை பேர் நடுவிலும் இந்த மனுஷனை அறைய வேண்டும் போலக் கை பரபரத்தது.

நர்சம்மா புது டப்பா ஒன்றை அவர் கையில் வைத்தார். "இந்தத் தடவ என் கண்ணு முன்னாடியே துப்பணும்."

நர்சம்மா கூடவே வந்து பார்த்திருக்க, மரத்தடியில் துப்பிக்கொண்டு வந்தார். டப்பாவில் இருந்தது சிவப்பாக இருந்தது. இத்தனை மாதம் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதை எனக்குக் காட்டாமல் விழுங்கியிருக்கிறார். என் கோபமெல்லாம் எங்கே போனதோ, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.