அக்காவின் கூஜாத் தண்ணீர்

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அக்காவின் கையில் ஓர் எவர்சில்வர் கூஜா இருக்கும். உள்ளே காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். மல்காஜ்கிரி வீட்டுக் குழாய்த் தண்ணீரை அத்தான் ஒருநாளும் நம்பியதில்லை, அவர்களோடு இருக்கும் நானும்தான். மணமாகி வந்ததிலிருந்து அவளுக்கு வயிற்றுப்போக்கு நிற்காததற்குத் தண்ணீரே காரணம் என்று இருவரும் முடிவு கட்டியிருந்தோம். ஆலயத்தில் அவள் கதவோரம்தான் உட்காருவாள். பிரசங்கம் முடிவதற்குள் எத்தனை தடவை எழுந்து போகிறாள் என்று எண்ணுவேன். ஒளித்து ஊறுகாய் தின்கிறாளோ என்றும் எனக்குச் சந்தேகம்.

பிறகு மூட்டுவலியும் சிறுநீரகக் கல்லும் வந்தன. பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லை. ஒவ்வொரு டாக்டரும் வயிற்றிலிருந்த நீளத் தழும்பைப் பற்றிக் கேட்பார். அக்கா வாய் திறக்குமுன் அத்தான் சொல்லிவிடுவார்: "கல்யாணத்துக்கு முந்தி குடல்வால் வெடிச்சுட்டு சார்." அந்த ஆபரேஷன் நடந்தபோது பாளையங்கோட்டை விடுதியில் படித்துக்கொண்டிருந்த எனக்கும் வீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

நான்காவது கல் வந்தபோது, அத்தான் மருந்துக்கடை வரிசையில் நிற்க, அக்காவோடு நான் உள்ளே போனேன். ஸ்கேனைப் பார்த்த பெண் டாக்டர், குடலை இப்படி மாற்றித் தைத்தது யார் என்று கேட்டார். அக்கா எழுந்து கதவைச் சாத்தினாள்.

"தொண்ணூத்தாறு கிலோ இருந்தேன் டாக்டர். வந்த மாப்பிள்ளை எல்லாம் காப்பி குடிச்சிட்டுப் போயிட்டாங்க. அம்மாதான் பம்பாய்க்குக் கூட்டிட்டுப் போய்ப் பண்ணினாங்க."

உடல் இளைக்க, சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு இரு முனைகளை இணைத்துவிடுவார்களாம். வயிற்றுப்போக்கு, கல், மூட்டுவலி, கண் எல்லாம் அதனால்தானாம்; இப்போது யாரும் அதைச் செய்வதில்லையாம். ஒதுக்கிய குடல் வெட்டப்படாமல் உள்ளேயே சும்மா கிடக்கிறது. கல்லால் ஒரு சிறுநீரகம் கெட்டுவிட்டது, குடலைத் திரும்ப இணைத்தால் மிச்சமிருக்கும் சிறுநீரகம் பிழைக்கும், எடை மட்டும் கூடலாம் என்றார் டாக்டர்.

நான் நம்பவில்லை. அன்று தைத்தவரும் டாக்டர், இன்று பிரிக்கிறேன் என்பவரும் டாக்டர். இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகளில் காட்டினேன். மூவரும் ஒன்றையே சொன்னதும், மூவரும் கூட்டோ என்று தோன்றியது.

அக்காவின் பயம் வேறு. "நக்கோ தம்பி, வேண்டாம். குண்டாவேன், அது கெடக்கு. அத்தான்ட்ட என்னத்தச் சொல்ல?" சம்மதத் தாளில் அத்தானும் கையெழுத்திட வேண்டும்.

கடைசியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளே சொன்னாள். லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்ற அத்தான் கூஜாவைப் பார்த்தார்.

"அப்ப இத்தன வருசமும் தண்ணியவாட்டீ ஏசிட்டு இருந்தேன்?"

அக்கா கூஜாவை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

"ஏல, பேனாவக் கொண்டா" என்றார் என்னிடம்.

முதலில் சில வாரங்கள் நரம்பு வழியாகச் சத்து ஏற்றி உடம்பைத் தேற்றினார்கள். பிறகு குடலை இணைத்தார்கள். கெட்ட சிறுநீரகம் திரும்பவில்லை. ஆனால் இருப்பது ஓடுகிறது. அக்கா எண்பத்தொரு கிலோவுக்கு வந்துவிட்டாள். "நீ பம்பாய்க்கே போவாட்டாலும் கட்டியிருப்பேன்" என்கிறார் அத்தான். எனக்கு நம்பிக்கையில்லை, அக்கா நம்புகிறாள்.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்து, மண்டபத்துத் தண்ணீரை இரண்டு தம்ளர் குடித்தாள். கூஜா என் மடியில் இருந்தது.