காட்டோர மலையில் கேட்ட விசில்

மனைவியின் முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே வேலைக்கு இறங்கிவிட்டேன். குருவிட்டை ஊருக்கு மேலே, காட்டை ஒட்டிய தேயிலை மலையில் நான் கங்காணி. கொழுந்து நிறுக்கும் நேரம் வந்தால் விசில் ஊதுவேன். பெண்கள் கூடையோடு இறங்கி வருவார்கள். அந்த நாட்களில் வேறென்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாப்பிட்டாயா என்று கேட்பவர்களுக்குத் தட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

ஒருநாள் நிறுவைக்கு முக்கால் மணி இருக்கும்போதே எல்லோரும் இறங்கி வந்தார்கள்.

“என்னா, அதுக்குள்ள எறங்கிட்டீங்க?”

“நீங்கதானே ஊதுனீங்க கங்காணி!”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். விசில் கையில் இருந்தது. ஊதினேனா, இல்லையா? எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் தடவையும் அப்படி நடந்ததும், மலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா வந்தார். சிங்களவர், தமிழ் நம்மைப் போலவே பேசுவார்.

“கங்காணி, ஒங்களுக்கு மனசு சரியில்ல. விசில வேற ஆளுக்கிட்ட குடுத்துட்டு வீட்டுல இருங்க.”

வீட்டில் இருப்பது ஒன்றுதான் அப்போது எனக்குப் பயம். இன்னும் ஒரு நாள் கேட்டு வாங்கினேன்.

மறுநாள் காலையிலேயே விசிலை, மலையிலேயே பெரிய வாய்க்காரியிடம் கொடுத்தேன். இடுப்பில் சுற்றியிருந்த சாக்குப் படங்கில் முடிந்துகொண்டாள். “ஒங்க வாயையும் சேத்துக் கட்டிப்புடவா?” என்றாள்.

காட்டோரக் கல்லில் போய் உட்கார்ந்தேன். முதலில் பழுப்புக் குருவிக் கூட்டமொன்று சலசலத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே ஒரு கறுப்பு. இரட்டைவால் குருவி என்றுதான் நினைத்தேன். ஆனால் நம் நிழல்மரங்களில் உட்காரும் இரட்டைவாலுக்கு வயிறு வெள்ளை. இதற்கு வயிறும் கறுப்பு. நெற்றியில் சின்னக் குடுமி. வால் ஆழமாகப் பிளந்திருந்தது. பழுப்புக் குருவிகள் இலையைக் கிளறக் கிளற, கிளம்பிய பூச்சிகளை இது பறந்து பறந்து பிடித்தது. கூட ஆள் இருந்தால்தான் அதற்குச் சாப்பாடு. அதனால்தான் எல்லார் குரலிலும் கூப்பிட்டுப் பார்க்கிறதோ என்னவோ.

பழுப்புக் குருவி மாதிரி சலசலத்தது. பூனை மாதிரி கத்தியது. பிறகு என் விசில். உள்ளே உருண்டை சிக்கி நடுவில் ஒரு விக்கல் விழுமே, அந்த விக்கலும் அப்படியே.

கீழே கூடைகள் நகர்ந்தன.

“நில்லுங்கடி! விசிலு என்கிட்ட கெடக்கு!” என்று வாய்க்காரி கத்தினாள். நிமிர்ந்து பார்த்தவள், “அடி, இது கவுடாக் குருவிடி! வெறகுக்குப் போறப்ப பூனை மாதிரி கத்தி என்னையும் ஏய்ச்சதுதான். கங்காணிக்கு ஒண்ணுமில்ல, குருவிக்குத்தான் கிறுக்கு!” என்றாள்.

மலையே சிரித்தது. சிரிக்கவேண்டிய இடம் என்று எனக்கும் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. பைக்கை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் ஐயா, “சரி, விசில நீங்களே வச்சிக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேரமானதும் வாங்கி ஊதினேன். ஒருத்தியும் அசையவில்லை. எல்லோரும் திரும்பி என் வாயைப் பார்த்தார்கள்; பிறகுதான் இறங்கினார்கள்.