தர்பூசணி வாசம் போன மே மாதம்

வெர்லீன் டால்பர்ட்டுக்கு மூக்கு இருக்கிறது, வாசம்தான் தெரிவதில்லை. குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. அலபாமாவில் கேடி ஏரிக்கரையில் வாழும் வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் பரிதாபப்பட்டிருப்பார்கள். வெர்லீனுக்கு ஆனதால் ஊரே பேசியது. ஊருக்கு ப்ரிம் மீனைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே அந்த மூக்குதான்.

உள்ளங்கை அகல மீன். சூரியமீன் என்று புத்தகத்தில் போட்டிருக்கும், இங்கே ப்ரிம். மே மாதத்தில் ஆண்மீன் கரையோரம் வந்து, வாலால் தரையை விசிறித் தட்டு அகலத்துக்குக் குழி பறிக்கும். பெண்மீன் முட்டையிட்டுப் போய்விடும். ஆண்மீன் காவல் நிற்கும். குழிப்பக்கம் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும், தூண்டில் முள்ளில் குத்திய சுவர்க்கோழிப் பூச்சி உட்பட. குழிகள் நெருங்கியிருக்கும் இடத்தில் தண்ணீருக்கு மேல் தர்பூசணி வெட்டிய வாசம் நிற்கும். வெர்லீன் படகில் எழுந்து நின்று முகர்வாள், கை நீட்டுவாள், அங்கே தூண்டில் போடுவார்கள். சர்ச்சின் மே மாத மீன் விருந்துக்கு மீன் பிடிப்பதும் வறுப்பதும் அவள் வேலை என்று ஆனது அப்படித்தான்.

இந்த வருடம் அந்த வேலைக்கே ஆபத்து.

பௌர்ணமியை ஒட்டித்தான் ப்ரிம் முட்டையிடும் என்பது ஏரிக்கரை நம்பிக்கை. பௌர்ணமி வந்தது, கூடவே வடக்கிலிருந்து குளிர்மழையும் வந்தது. ஆண்கள் எல்லோரும் படகை இறக்கினார்கள். வெர்லீன் போகவில்லை. வெறுங்கையோடு திரும்பியவர்களில் அவளுடைய கொழுந்தன் ஹோசியாவும் ஒருவன்.

"இந்த வருஷம் மீன் இல்ல அண்ணி. நிலா வந்தும் மேல வரல."

"நிலா வெறும் விளக்குப்பா. அடுப்பு இல்ல. தண்ணி சுடணும்."

"மூக்கு போனதுக்கு சாக்கு சொல்றீங்க."

"என் மூக்கு போச்சு. உன் மூளைக்கு என்ன ஆச்சு? ஐஸ் தண்ணியில எவ புள்ள பெத்துக்குவா?"

சர்ச்சில் பெண்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சிஸ்டர்தான். விருந்துக் குழுவின் தலைவி சிஸ்டர் எர்னஸ்டீன் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் பாப்பேன் சிஸ்டர். மீன் வரலைன்னா ஐஸ் வச்ச கெளுத்தி வாங்கிருவோம். ஹோசியா வறுக்கட்டும். நீங்க இந்தத் தடவை உக்காந்து சாப்பிடுங்க."

உட்கார்ந்து சாப்பிடுவதாம். முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் வெர்லீன். ஒரு மழைநாளில் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து வண்டியை நிறுத்தி, சாவியைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். மேலதிகாரி ரேடியோவில் கத்தினார். பாலம் அன்று விழவும் இல்லை. ஆனாலும் தான் செய்தது தப்பு என்று அவள் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

மழை விட்டு வெயில் வந்ததும் தினமும் போய் முழங்கால் ஆழத்தில் நின்றாள். அவள் மூட்டுதான் தெர்மாமீட்டர். முதலில் நிற்கவே முடியவில்லை. வியாழக்கிழமை வலி குறைந்தது. வெள்ளி காலையில் மூட்டு பேசவே இல்லை.

படகைத் தள்ளிக்கொண்டு வழக்கமான இடத்துக்குப் போனாள். அல்லி இலைகளுக்கு நடுவே மூங்கில் தூண்டிலின் நுனியால் தரையைக் குத்திப் பார்த்தாள். குழி இருந்தால் சேறு துடைத்த கெட்டி மணல் தட்டும். தட்டவில்லை. மூங்கில் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போனது. மழையில் ஏரி ஏறியிருந்தது. பழைய இடம் இப்போது ஆழம், குளிர். பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. காற்றுதான்.

அப்போதுதான் கொஞ்சம் பயந்தாள். யாரும் பார்க்கவில்லை என்பதால் பயந்ததாக அவள் கணக்கில் இல்லை.

திரும்பி வந்து படகுத்துறையில் இறங்கினாள். வண்டிகள் நிற்கும் சரளைத் தரையின் பாதிவரை ஏரி ஏறிக் கிடந்தது. முழங்காலுக்கும் கீழே தண்ணீர், வெயில் பட்டு வெதுவெதுப்பாக. வெறுங்காலோடு நடந்தாள். இடது கால் ஒரு பள்ளத்தில் இறங்கியது. வட்டமான பள்ளம், வழவழவென்று துடைத்த சரளை. பக்கத்திலேயே இன்னொன்று. மூன்றாவதில் கால் வைத்தபோது கணுக்காலில் நறுக்கென்று ஒரு கடி.

குனிந்து பார்த்தாள். செம்பு நிற மார்பைக் காட்டிக்கொண்டு ஒரு ஆண்மீன். விலகுவதாக இல்லை. மறுபடியும் வந்து கடித்தது.

"அடப்பாவி," என்றாள் வெர்லீன். "என்னைவிட வீம்புக்காரனா இருக்கியே."

அவள் அங்கேயே நின்று தூண்டிலைப் போட்டாள். வண்டிக்குப் பின்னால் படகை இழுத்துவந்த ஹோசியா ஜன்னல் வழியாகக் கத்தினான்: "அண்ணி! வண்டி நிறுத்துற இடத்துல தூண்டில் போடுறீங்க! மீன் என்ன பார்க்கிங் தேடியா வரும்?"

அவள் திரும்பவில்லை. தக்கை அமிழ்ந்தது, மூங்கில் வளைந்தது. அடுத்து இன்னொன்று. ஹோசியா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். மீன் போடப் பெட்டியைத் தூக்கிவந்து பிடித்தான்.

பெட்டி நிறைந்ததும் நிறுத்திக்கொண்டாள். கணுக்காலைக் கடித்தவன் பக்கம் மட்டும் அவள் தூண்டில் போகவேயில்லை.

சர்ச் சமையலறைக்குள் மீன் பெட்டியும் ஈரப் பாவாடையுமாக நுழைந்தபோது சிஸ்டர் எர்னஸ்டீன் கையில் போன் இருந்தது.

"இப்பதான் கெளுத்திக்குச் சொல்லிட்டேன் சிஸ்டர்."

"சொன்னா என்ன? ஐஸ் பெட்டியில கெடக்கட்டும். கத்தி எங்க?"

எர்னஸ்டீன் பெட்டியைப் பார்த்தாள். பிறகு வெர்லீனைப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மரத்தடியில் பெரிய கறுப்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்தது. வாசம் தெரியாதவள் எப்படிப் பதம் பார்ப்பாள் என்று ஹோசியா பின்னால் வந்து நின்றான். அவள் ஒரு சிட்டிகை மக்காச்சோள மாவைத் தூவிக் காதைச் சாய்த்தாள். சடசடத்தது. மீனைப் போட்டாள்.

"வாசம் திரும்பிருச்சா அண்ணி?"

"இல்ல. திரும்பாட்டி போகட்டும்." கணுக்காலில் இருந்த சிவப்புத் தடத்தை மறு காலால் தேய்த்துக்கொண்டாள். "வழியை விட்டு நில்லு, வரிசை நிக்குது. யாருப்பா அது, தட்டை நீட்டு!"