இரண்டாம் பாகத்தில் அவன் வருகிறானா?

போர் முடிந்து மூன்றாவது வருடம். மன்னார் நகரத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அறையில் நான் வீடியோ கேம் கடை வைத்திருந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு தொலைக்காட்சி, இரண்டு கேம் பெட்டி, ஆறு பிளாஸ்டிக் கதிரை, சுவரில் ஒரு மின்விசிறி. அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டால் பெடியள் கூட்டம் வாசல்வரை நிற்கும். மற்ற நேரம் நானும் விசிறியும் மட்டும்.

நான் பிறந்தது மன்னார்த் தீவிலேயே, ஓலைத்தொடுவாய் என்ற கிராமத்தில். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பாவும் அம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு படகேறித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே அகதி முகாமில் வளர்ந்து, இருபத்திரண்டு வயதில்தான் ஊர் திரும்பினேன். திரும்பும்போது இரண்டு சாமான்கள் கூட வந்தன. ஒன்று, கேம் பெட்டி திருத்துகிற வேலை. மற்றது, 'என்னங்க, வாங்க, இருங்க' என்கிற பேச்சு. அந்தப் பேச்சுக்காகவே என் கடைக்கு 'இந்தியாக்காரன் கடை' என்று பெயர் விழுந்துவிட்டது. கோபம் வரும், ஆனால் வியாபாரம் நடந்ததால் அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

கேம்களில் எனக்கு இரண்டாம் பாகம் என்றால் உயிர். முதல் பாகத்தில் கேமைச் செய்தவர்களே தட்டுத்தடுமாறியிருப்பார்கள். இரண்டாம் பாகத்தில்தான் கை பழகி, கதையும் காரும் ஓட்டமும் ஒன்றாகச் சேரும். மூன்றாம் பாகம் பெரும்பாலும் ஆசைக்குச் செய்வது. கால்பந்து கேம்களைக் கேட்கவே வேண்டாம், வருடத்துக்கு ஒன்று விடுவார்கள், சட்டை மட்டும் மாறியிருக்கும். இதையெல்லாம் வருகிற பெடியளிடம் மணிக்கணக்காகப் பேசுவேன். அவர்களும் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

ஆனால் ஒன்றை அவர்களிடம் சொன்னதில்லை. எங்களுக்கு வருகிற சீடிகளில் பாதி போலி. யாரோ எங்கேயோ இருந்து பழைய கேமை எடுத்து, தொடக்கத் திரையில் '2' என்று எழுதி, கதாநாயகனின் சட்டை நிறத்தை மாற்றி, புதுப் பாகம் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும், 'புதுசு வந்திருக்கு' என்று கூசாமல் சொல்லுவேன். கண்டுபிடித்தவன் சிரிப்பான், கண்டுபிடிக்காதவன் சந்தோஷமாக விளையாடுவான். இதில் யாருக்கு என்ன நட்டம் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலை, கடையில் யாரும் இல்லை. ஒரு அக்கா வாசலில் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் கடதாசிகள் நிறைந்த பிளாஸ்டிக் பைல். கச்சேரிக்கு, அதாவது அரச அலுவலகத்துக்கு, வந்தவர் வழி தெரியாமல் நிற்கிறார் என்று நினைத்து, வழி சொல்ல எழுந்தேன். அவர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். என் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர் அதுவரை யாருமில்லை.

வெள்ளாங்குளத்துப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். பிறகு ஒரு கேமைப் பற்றிக் கேட்டார். பெயர் தெரியாது, கதை மட்டும் தெரியும் என்றார். கடலுக்கு நடுவில் காடும் ஆறுமாக ஒரு தீவு, சுற்றிவரக் கோட்டைமதில், தீவே சிறை. இரண்டு கூட்டாளிகள் தப்பி ஓடுகிறார்கள். கடைசியில் பெரிய இரும்புக் கதவை ஒருவன் தோளால் தூக்கிப் பிடிக்க, மற்றவன் குனிந்து வெளியே போய்விடுகிறான். கதவு விழுந்துவிடும். உள்ளே நின்றவனுக்கு என்ன நடந்தது என்று காட்டாமல் முடித்துவிடுவார்கள்.

எனக்கு அந்தக் கேம் நன்றாகத் தெரியும். முகாமில் கூட்டாளிகளோடு விழுந்து விழுந்து விளையாடியது.

"அதின்ர ரெண்டாம் பாகம் இருக்கோ தம்பி?" என்றார்.

"இருக்குக்கா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "அதில அந்த மற்றப் பெடியன் வாறானோ? கதவுக்குள்ள நிண்டவன்?"

நான் அந்த இரண்டாம் பாகத்தைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "வராம எப்படிக்கா? ரெண்டாம் பாகமே அவனை வச்சுத்தான்" என்றேன்.

அப்போது அவருடைய முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் கவனிக்காமல் இல்லை. ஒரு கேமுக்கு இவ்வளவா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். கேம் தெரியாத மனிசி, எதைப் போட்டாலும் பார்க்கும் என்று எண்ணி, அலுமாரியிலிருந்து போலிச் சீடியை எடுத்துப் போட்டேன். தொடக்கத் திரையில் பெரிதாக '2'. கதாநாயகனின் நீலச்சட்டை சிவப்பாகியிருந்தது. அவருக்கு விளையாடத் தெரியாது என்றதால் நானே ஓட்டினேன். அவர் கதிரை நுனியில் உட்கார்ந்து, பைலை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

காட்டைத் தாண்டிப் பலகைப் பாலத்துக்கு வந்தோம்.

"ஓடாதேங்கோ தம்பி. மூண்டாம் பலகை உடையும்" என்றார் அவர், மெதுவாக.

கேம் தெரியாத மனிசிக்கு எந்தப் பலகை உடையும் என்று எப்படித் தெரியும் என்று நான் யோசிப்பதற்குள், மூன்றாம் பலகை உடைந்தது. சிவப்புச்சட்டைக்காரன் ஆற்றுக்குள் போனான்.

என் காது சூடாகிவிட்டது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. அவர் கோபப்படவில்லை. "இது முதலாம் பாகம்தானே. சட்டைதான் வேற. இந்தப் பாலத்தில என்ர தம்பி ஏழு தரம் விழுந்தவன்" என்றார்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த மாமா ஒருவர் அவருடைய தம்பிக்கு ஒரு கேம் பெட்டி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில் கம்பி இழுத்துத் தம்பி விளையாடுவானாம். அக்கா சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கியபடி பக்கத்தில் இருந்து பார்ப்பாராம். கதவு விழுந்த அன்று அக்கா அழுதுவிட்டார். தம்பிக்கு ஒரே சிரிப்பு. "அழாதை அக்கா, ரெண்டாம் பாகத்தில அவன் வருவான். வந்ததும் ரெண்டு பேருமா விளையாடுவம்" என்று சொல்லியிருக்கிறான்.

பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. கடைசி மாதங்களில் சனத்தோடு சனமாக நடந்து வந்தபோது தம்பி பிரிந்துபோனான். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. மடியில் இருந்த பைல் முழுக்க அவனுடைய கடதாசிகள்தான். மாதத்தில் ஒரு புதன்கிழமை அதைக் கொண்டுவந்து, அவனைத் தேடி அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறார். அன்று பஸ்ஸால் இறங்கியபோது என் கடையில் ஓடிய கேமின் சத்தம் கேட்டதாம். கேட்டுத்தான் பார்ப்போமே என்று வந்திருக்கிறார்.

அந்தச் சண்டை நடந்த நாட்களில் நான் கடலுக்கு அந்தப் பக்கம் முகாமில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்தவன். எனக்கு அதில் பேச என்ன இருக்கிறது?

அவர் எழுந்தார். போகும்போது, மனதில் எந்தக் குத்தலும் இல்லாமல், தெரியாததைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். "நீங்கள் அந்தப் பாகம் விளையாடேல்லையே தம்பி. பிறகு எப்பிடி வாறான் எண்டு சொன்னனீங்கள்?"

நான் கேம் பெட்டியை அணைத்தேன்.

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை. வருவான் எண்டு. கண்டவை ஒருத்தரும் இல்லை" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று மாலை வந்த பெடியளிடம் என்னால் ஒரு வார்த்தை கலகலப்பாகப் பேச முடியவில்லை. "இந்தியாக்காரனுக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் போலிச் சீடியை உடைத்துக் குப்பையில் போட்டேன்.

உண்மையான இரண்டாம் பாகத்தைத் தேடத் தொடங்கினேன். வவுனியாவில் கேட்டேன், கொழும்புக்குச் சொல்லி அனுப்பினேன். வந்ததெல்லாம் அதே சிவப்புச்சட்டை. கடைசியில் முகாமில் இன்னும் இருந்த என் பழைய கூட்டாளி ஒருவன் சென்னைக்குப் போய்த் தேடி வாங்கி, ஊர் திரும்பிய ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டான். அவர்களுடைய உடுப்புப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் பத்திரமாக வந்து சேர்ந்தது. இதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. அக்கா கடைப்பக்கம் வரவே இல்லை. சில புதன்கிழமைகளில் பஸ் நிலையத்தில் தூரத்தில் கண்டேன். கையில் எதுவும் இல்லாமல் போய் நிற்க எனக்கு முகம் இல்லை.

சீடி வந்ததும் காலை நேரங்களில் கதவைச் சாத்திவிட்டு விளையாடினேன். நல்ல கேம் என்று சொல்லத்தான் வேண்டும், நான் விளையாடிய இரண்டாம் பாகங்களில் அதுதான் மேல். ஆனால் எனக்கு அதெல்லாம் பொருட்டாகவே இல்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்து அந்த ஒருவனைத்தான் தேடினேன். பதினொரு நாளில் முடித்தேன். அவன் வரவில்லை. ஏதாவது ஒளித்து வைத்த அறை இருக்கும் என்று திரும்ப ஒருமுறை முதலிலிருந்து விளையாடினேன். ஓரிடத்தில் கதாநாயகன் அந்தக் கோட்டைக்குத் திரும்பி வருகிறான். இரும்புக் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே புல் முளைத்திருக்கிறது. ஆள் இல்லை, எலும்பும் இல்லை. அவனைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசவில்லை.

எனக்கு அழுகை வந்தது. கேமுக்காக அழுதேனா, அந்த அக்காவுக்காக அழுதேனா என்று இன்றும் தெரியாது.

அவர் வருகிற அடுத்த புதன்கிழமை பஸ் நிலையத்தில் போய்க் காத்து நின்றேன். பொய் சொல்லிவிடலாமா என்ற எண்ணமும் இருந்தது. 'வந்தான் அக்கா, நல்லா இருக்கிறான்' என்று சொன்னால் அவர் ஒரு நாளாவது சந்தோஷமாக இருப்பாரே. அவர் இறங்கினார். அதே பைல். என்னைக் கண்டதும் நின்றார். நான் கடைக்கு வரச்சொன்னேன். கதிரையில் இருத்தி, சீடியைக் கையில் கொடுத்தேன்.

"அக்கா, இதுதான் உண்மையான ரெண்டாம் பாகம். நான் ரெண்டு தரம் முழுக்க விளையாடிப் பாத்துட்டேன்" என்றேன்.

அவர் சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவன் வரலக்கா."

சீடியை மடியில் வைத்துவிட்டு, "செத்தது எண்டு காட்டினவங்களோ?" என்றார்.

"இல்லைக்கா. அதுவும் காட்டல. கதவு திறந்து கிடக்கு. ஆளைக் காணோம்."

அவர் பைலின் மூலையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய மனதை உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவர் நிமிர்ந்து, சாதாரணமாக, காய்கறிக் கடையில் விலை கேட்கிற குரலில் கேட்டார்.

"அப்ப மூண்டாம் பாகம் இருக்கோ தம்பி?"

கடை தொடங்கிய நாளிலிருந்து எந்தக் கேள்விக்கும் 'இருக்கு' என்றே சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அன்றுதான் முதல்முறையாக, "தெரியாதுக்கா. விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அவர் தலையசைத்தார். "ஓம், அப்பிடிச் சொல்லுங்கோ" என்றார். பிறகு சீடியை என்னிடமே நீட்டி, "போடுங்கோ பாப்பம், கந்தோர் திறக்க நேரம் இருக்கு. பாலம் கீலம் வந்தா மெல்லமாப் போங்கோ" என்றார். நான் ஓட்ட, அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்து பார்த்தார். அந்த அரை மணித்தியாலத்தில் இரண்டு தரம் சிரித்தார். வேண்டுமென்றே ஒரு இடத்தில் விழுந்து காட்டினேன், அப்போது ஒரு தரம்.

கடையை மூடி வருடங்களாகிவிட்டன. இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறேன். என் பேச்சில் பாதி ஊர்ப்பேச்சாகிவிட்டது. அந்தக் கேமின் மூன்றாம் பாகம் வந்துவிட்டதா என்று மாதத்துக்கு ஒருமுறை தேடிப் பார்ப்பேன். இன்றுவரை வரவில்லை, இனி வராது என்றும் யாரும் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்லமாட்டேன்.