ஊதா வட்டத்துக்குள் இருபத்தேழு

என் பழைய நாட்குறிப்பு ஒன்றில், ஒரு பக்கத்தின் மேல் மூலையில் ஊதா மையில் ஒரு வட்டம் இருக்கிறது. உள்ளே 27 என்ற எண். விமானப் பராமரிப்பில் நான் இன்ஸ்பெக்டரான அன்று என் கைக்கு வந்த முத்திரை அது. வேலைச் சீட்டுகளைத் தவிர வேறு எதன் மேலும் அதை வைக்கக் கூடாது என்பது விதி. வாங்கிய பத்து நிமிடத்துக்குள் நாட்குறிப்பில் அழுத்திப் பார்த்துவிட்டேன். அன்று நான் செய்த இரண்டு தவறுகளில் அது சிறியது.

எண்பதுகளின் பிற்பகுதி. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மீனம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து ஹேங்கருக்கு நடந்து போவேன். விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் அந்தப் பெரிய கொட்டகைக்குள் பெயர்கள் அதிகம் புழங்காது. ஸ்டோர்ஸ் அண்ணா, ரேடியோ சார், எஞ்சின் சார் என்றுதான் ஆட்களைக் கூப்பிடுவோம். நான் ஆறு வருடம் வெறும் மெக்கானிக். அந்தச் சொல்லைக் கேட்டுத் தெருக்காரர்கள் மிக்ஸியையும் மொபெட்டையும் என் வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். தெரியாது என்று சொன்னால், “ஏரோப்ளேனையே ரிப்பேர் பண்றே, இது இன்னா பெரிய விஷயம்?” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இன்ஸ்பெக்டர் ஆனால் இந்தத் தொல்லை ஒழியும் என்று அம்மா காத்திருந்தாள்.

உள்ளே அந்தப் பதவிகளின் பொருள் எளிமையானது. மெக்கானிக் வேலையைச் செய்து, சீட்டின் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். இன்ஸ்பெக்டர் அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, அடுத்த கட்டத்தில் முத்திரை வைப்பார். சீட்டுகள் எல்லாம் ரெக்கார்ட்ஸ் அறைக்குப் போய் வந்த பிறகே, பறக்கலாம் என்று எஞ்சினியர் எழுதித் தருவார். அந்த அறையில் இருந்தவரை எல்லோரும் ரெக்கார்ட்ஸ் அக்கா என்போம். சேலையூரிலிருந்து வருவார். ஸ்பானர் பிடித்ததில்லை, விமானத்தின் ஏணியில் ஏறியதில்லை. எந்த எண் முத்திரை யாரிடம் இருக்கிறது என்று எழுதிய நீல அட்டைப் பதிவேடு அவர் மேசையில் இருக்கும். அன்று காலை 27க்கு நேரே என் பெயரை எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டவரும் அவரே.

அதற்கு முந்தைய நாள் மாலை ஷிப்டில் நான் மெக்கானிக்காக இருந்து, வால்பகுதிக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கேபிள் ஒன்றை மாற்றியிருந்தேன். விமானத்தின் மூக்கை விமானி உயர்த்துவதும் தாழ்த்துவதும் அந்தக் கேபிளால்தான். மறுநாள் பதவி வந்தது. கூடவே, இன்ஸ்பெக்டர் பார்க்கவேண்டிய சீட்டுகள் ஒரு கட்டாக என் மேசைக்கு வந்தன. ஒவ்வொரு வேலையாகப் போய்ப் பார்த்து முத்திரை வைத்தேன். கேபிள் சீட்டு வந்தபோது மட்டும் நான் எழுந்து போகவில்லை. இது எனக்குத் தெரிந்த வேலையாயிற்றே என்று உட்கார்ந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஒரு கட்டத்தில் என் கையெழுத்து, மறு கட்டத்தில் 27. யார் பார்த்தாலும் இரண்டு ஆட்கள். இரண்டும் ஒருவரே என்று தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான்.

நாலரை மணிக்கு விமானத்தை வெளியே இழுக்க டிராக்டர் வந்து நின்றது. ஹேங்கரின் கதவுகளைத் தள்ளித் திறந்துவிட்டார்கள். அப்போது அக்கா, தரையில் கிடந்த குழாய்களைத் தாண்டித் தாண்டி, புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். அதற்குமுன் அவரை அங்கே யாரும் பார்த்ததில்லை.

“தம்பி, இந்தக் கையெழுத்து யாருது?”

“என்னுதுதான் அக்கா.”

“இந்த முத்திரை?”

டிராக்டர்காரர் சிரித்தார். “நேத்து மெக்கானிக், இன்னிக்கு இன்ஸ்பெக்டர். ரெண்டு பேர் கணக்கு ஆச்சே அக்கா!”

“டிபன் பாக்ஸ் ஒண்ணுதானே கொண்டாந்தான்?” என்றார் அக்கா.

ஷிப்டு பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “அவன் வேலை சுத்தமா இருக்கும்மா. இப்போ பேனலைத் திறந்தா லேட்டாயிடும். விடுங்க.”

“சுத்தமாத்தான் சார் இருக்கும். இன்னொருத்தர் பார்த்துட்டுச் சொல்லட்டும். அதுவரைக்கும் இந்தச் சீட்டு என் கையிலதான் இருக்கும்.”

சீட்டில்லாமல் எஞ்சினியர் எழுதித் தரமாட்டார். டிராக்டரை அணைத்தார்கள். வேறொரு இன்ஸ்பெக்டர், அதிகம் பேசாதவர், டார்ச்சுடன் ஏணி ஏறி, மூடியிருந்த பேனலைக் கழற்றிவிட்டு வால்பகுதிக்குள் தலையை நுழைத்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு குறையும் இராது என்று நம்பினேன். நேரம் வீணாகிறதே என்ற எரிச்சல்கூட இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “நீயே ஏறி வா” என்றார்.

கேபிளை இறுக்கிப் பிடிக்கும் திருகு இணைப்பு, அதிர்வில் சுழன்று தளராதிருக்க இரு முனையிலும் பூட்டுக் கம்பி வேண்டும். ஒரு முனையில் இருந்தது. மறு முனை மொட்டையாக இருந்தது. முதல் கம்பியைப் போட்டதும், கீழிருந்து யாரோ தேநீருக்கு அழைத்ததும், குடித்துவிட்டு வந்து பேனலை மூடியதும் நினைவுக்கு வந்தன. இடையில் ஒரு கம்பி விடுபட்டது மட்டும் நினைவில் இல்லை. அன்றிரவு சிங்கப்பூருக்கோ எங்கோ போகவிருந்த விமானம். ஏணியிலிருந்து இறங்கி, அதன் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். சற்று நேரம் கழித்தே, ஆறுதல் என்று புரிந்தது.

தரக்கட்டுப்பாட்டு மேலாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். முத்திரை ஒரு மாதம் பறிபோனது. மறுபடி மெக்கானிக் உடுப்பு. பக்கத்து வீட்டுக்காரரின் மிக்ஸியும் மறுபடி வந்தது. அந்த மாதம் அதைச் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தேன். முத்திரையைத் திரும்ப வாங்கப் போன அன்று, அக்கா நீலப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“டிபன் பாக்ஸ் எத்தனை?”

“ஒண்ணுதான் அக்கா.”

“போடு கையெழுத்து.”

இன்று நான் வேலை செய்யும் இடத்தில் சீட்டுகள் கணினியில். செய்தவரே சரிபார்க்க முயன்றால் திரை சிவந்து மறுத்துவிடும். இளைஞர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கோ ஒவ்வொரு முறையும், குழாய்களைத் தாண்டித் தாண்டி ஒருவர் வருவது தெரிகிறது.

அந்த நாட்குறிப்புப் பக்கத்தில் ஊதா வட்டம் இப்போது வெளிறிவிட்டது. கீழே, ரயிலில் உட்கார்ந்து எழுதியதால் கோணலாகிப்போன ஒரே வரி. அதை நான் எழுதி முடித்தபோது தாம்பரம் வந்துவிட்டிருந்தது: “மணி ஆறு. விமானம் இன்னும் உள்ளேதான் நிற்கிறது.”